மஞ்சளா, ஆரஞ்சா: ஆலாக்களைப் பார்க்கப் போன ஐந்து நாட்கள்

மார்ச் 12, வியாழன் – ராமேசுவரம்

ஆலா என்பது கடலோரத்தில் மீன் பிடித்துத் தின்னும் ஒல்லியான பறவை. போன வருடம் பிப்ரவரியில் ஓலைக்குடா கரையில் ஓர் ஆலாவைப் படம் எடுத்து, குறிப்பேட்டில் ‘சின்னக் கொண்டை ஆலா’ என்று எழுதி வைத்திருந்தேன். அலகு ஆரஞ்சு நிறமாக இருந்தது. வேறு எதையும் நான் பார்க்கவில்லை. தீபாவளி விடுமுறையில் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பறவையின் முதுகு கண்ணில் பட்டது. நல்ல கருத்த சாம்பல். சின்னக் கொண்டை ஆலாவின் முதுகு அவ்வளவு கருக்காது. படம் எடுத்த நேரம் மாலை ஆறு மணி. அது மஞ்சள் அலகுள்ள பெரிய கொண்டை ஆலா. சாயங்கால வெயில்தான் அலகுக்குச் சாயம் ஏற்றியிருந்தது. குறிப்பேட்டில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தீரும் என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

அண்ணன் மகளும் கூட வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், நன்றாக வரைவாள். “அத்தை, நீங்க பாருங்க, நான் வரையிறேன்” என்று பேருந்திலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டாள். மதுரையிலிருந்து பாம்பன் வந்து சேரும்போது மதியம் ஒன்றரை. சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும், அதன் பக்கத்திலேயே 1914இல் கட்டிய பழைய பாலமும் தெரிகின்றன. பேருந்தில் பாதிப்பேர் எழுந்து நின்று செல்பேசியை நீட்டினார்கள். நான் பாலத்தின் தூண்களில் ஆலா உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு கடற்காகங்கள் மட்டும்.

கோயில் பக்கம் அறை 1,100 ரூபாய். சனிக்கிழமை மட்டும் 1,500 என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சாப்பாடு 110. சாம்பாரை விட ரசம் நன்றாக இருந்தது. நாங்கள் இரண்டாவது தடவை ரசம் கேட்டதும் பரிமாறியவர் சந்தோஷப்பட்டு ஒரு கிண்ணத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

நாலரைக்கு ஓலைக்குடா. வடக்குப் பக்கக் கடல் குளம் மாதிரி கிடந்தது. கரையிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு வத்தை, அதாவது நாட்டுப் படகு, கட்டியிருந்தது. அதைக் கட்டிய கழியின் நுனியில் ஒரே ஒரு கொண்டை ஆலா. எங்களுக்கு வாய்த்தது அதுதான். அது எழுந்து போகும்வரை உட்கார்ந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம் அது போகவில்லை.

நாலரைக்கு அதன் அலகு எலுமிச்சைப் பழத்தோலின் மஞ்சள், அடியில் கொஞ்சம் பச்சை ஓடியது. ஐந்தரைக்கு மாம்பழ மஞ்சள். ஆறு மணிக்குச் சுத்தமான ஆரஞ்சு. அண்ணன் மகள் அரை மணிக்கு ஒரு தடவை வண்ணப் பென்சிலால் சின்னக் கட்டம் போட்டு நிறத்தைப் பதிந்துகொண்டே வந்தாள். நாலு கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் நாலு வேறு பறவைகள் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் முதுகு மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மழைமேகச் சாம்பலாகவே இருந்தது. போன வருடத்துப் பிழை எப்படி நடந்தது என்பதை என் கண் முன்னாலேயே அந்தப் பறவை நடத்திக் காட்டிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி – தனுஷ்கோடி, அரிச்சல்முனை

வாடகை ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 500, பெட்ரோல் நம்முடையது. ஆறு மணிக்குக் கிளம்பினோம். கோதண்டராமர் கோயில் திருப்பம் தாண்டியதும் சாலைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான். இடது பக்கம் பாக் நீரிணை, இங்கே அதைப் பெண் கடல் என்கிறார்கள். வலது பக்கம் மன்னார் வளைகுடா, ஆண் கடல். ஒரு பக்கம் சலனமில்லை, இன்னொரு பக்கம் அலை கற்களில் ஏறி அடிக்கிறது. நடுவில் நாம்.

இடது பக்கத் தேக்கத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. இந்தப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ஸ்கூட்டரை நிறுத்தி இருபது நிமிஷம் பார்த்தோம். பூநாரைக்கு அடையாளச் சிக்கல் எதுவும் கிடையாது. நாங்கள் தேடி வந்தது முனைக்குக் கொஞ்சம் முன்னால், வண்டிகள் நிற்காத ஒரு மணல் நாக்கில் இருந்தது. நூற்றைம்பது, இருநூறு பறவைகள், எல்லாம் காற்றைப் பார்த்து ஒரே திசையில் முகம் வைத்து நின்றன.

முதலில் கடற்காகங்களைக் கழித்தோம். கடற்காகம் தடித்த உடம்பு, வட்டமான வால், வாத்து மாதிரி தண்ணீரில் மிதக்கும். ஆலா ஒல்லி. இறக்கை நீளம், மடக்கினால் வாலைத் தாண்டும். கால் குட்டை. தண்ணீரில் உட்காருவது அபூர்வம். பறக்கும்போது அலகைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டுக் கடலைத் துழாவிக்கொண்டே போகும். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தில் வரும் சிறுவெண்காக்கை கடற்காகம் என்று பலர் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் பிடரியில் மட்டும் கருப்பு வைத்துக்கொண்டு மணலில் நிற்கும் இந்தப் பறவைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஆலாவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அப்புறம் கொண்டை ஆலாக்கள். இரண்டு வகையும் கலந்து நின்றன. இதைத்தான் ஒரு வருடமாக மனசில் வைத்திருந்தேன்.

பெரியது ஏறத்தாழ ஒன்றரை அடி நீளம். சின்னது ஓரடிக்குச் சற்று மேல். தனியாக நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. தொலைவில் நிற்கும் எந்தப் பறவையையும் மனசு தன் விருப்பத்துக்குப் பெரிதாக்கிக்கொள்ளும், சின்னதாக்கிக்கொள்ளும். பக்கத்தில் நின்றால் அப்பாவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் மாதிரி. பெரியதன் அலகு நீளம், நுனியில் லேசாகக் கீழே வளைந்தது. சின்னதன் அலகு நேராக, மெலிந்து, கேரட்டின் நிறத்தில். பெரியதன் முதுகு கருத்த சாம்பல். சின்னதன் முதுகு பலமுறை துவைத்து வெளுத்த சாம்பல் சட்டை. இத்தனையும் காலை எட்டு மணி வெயிலில், சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது பார்த்தது. அதையும் எழுதி வைத்தேன்.

மார்ச் மாதத்தில் வந்ததற்கு இன்னொரு பலன் கிடைத்தது. டிசம்பர், ஜனவரியில் இரண்டுக்கும் நெற்றி வெள்ளை, கண்ணுக்குப் பின்னாலிருந்து பிடரிவரை மட்டும் கருப்பு. இனப்பெருக்க காலம் நெருங்கும்போது தலை முழுக்கக் கருப்புத் தொப்பி ஏறும். இப்போது அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தது. சில பறவைகளின் நெற்றியில் எள் தூவியது போல் கரும்புள்ளிகள். ஏழெட்டுச் சின்னக் கொண்டை ஆலாக்களுக்குத் தொப்பி முழுசாக வந்துவிட்டது. கருப்பு நேராக அலகின் அடிவரை வந்து முட்டியது. பெரியதிலும் தொப்பி முழுசாக வந்த இரண்டைப் பார்த்தோம். அவற்றுக்கு அலகுக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு அப்படியே நின்றது. அந்த வெள்ளை எந்தக் காலத்திலும் மூடாது. அண்ணன் மகள் அதை வரைந்துவிட்டு, “பெரியது விபூதி பூசியிருக்கு அத்தை, சின்னது பூசல” என்றாள். இனி எனக்கு இது மறக்காது.

ஒரு பறவை மட்டும் எங்களை அரை மணி நேரம் குழப்பியது. அலகு மங்கிய மஞ்சள். அப்படியானால் பெரியதா? உடம்போ சின்னது. இறக்கை மடிப்பில் பழுப்புப் பட்டைகள். பக்கத்தில் நின்ற சின்னக் கொண்டை ஆலாவின் முன்னால் கழுத்தைக் குறுக்கி, வாயைத் திறந்து கெஞ்சிக்கொண்டே இருந்தது. போன பருவத்துக் குஞ்சு! இளசுகளுக்கு அலகு நிறம் தெளிந்து வர நாளாகும். கொண்டை ஆலாக்கள் கூட்டை விட்டு மாசக்கணக்கில் ஆன பின்னும் பிள்ளைக்கு மீன் ஊட்டும். கெஞ்சல் பலிக்கவில்லை. ஆனாலும் அது விடவில்லை.

பத்து மணிக்கு மேல் ஆண் கடல் பக்கத்திலிருந்து காற்று எழும்பி மணலை வாரி அடித்தது. பைனாகுலரின் திருகுக்குள் மணல் போய் ‘கரகர’ என்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் திருகவே முடியவில்லை. ஒரு ஓலைக்கொட்டகைக் கடையில் ஒதுங்கினோம். பொரித்த பாறை மீன் ஒன்று 150, கணவாய் தட்டு 200, சோறு 60. கடைக்கார அம்மா பைனாகுலரைப் பார்த்துவிட்டு, “வாய வச்சு ஊதாதே, இன்னும் உள்ள போயிரும்” என்று சொல்லி, முகப்பவுடர் பூசும் பஞ்சு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பஞ்சாலும் தூரிகையாலும் ஒரு மணி நேரம் தட்டித் தட்டி எடுத்ததில் பாதி சரியானது. மணலில் நாலடி தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் இப்படி ஒரு தண்ணீர். குடித்தபோது தொண்டையில் துளி உப்பு இல்லை.

மார்ச் 14, சனி – மறுபடியும் தனுஷ்கோடி

விடியலில் தூறல். மார்ச்சில் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஸ்கூட்டர் இருக்கையைத் துடைக்கத் துடைக்க நனைந்தது. சனிக்கிழமையானதால் ஏழு மணிக்கே வேன்கள் வரிசை கட்டிவிட்டன. மணல் நாக்கில் யாரோ இளைஞர்கள் ஓடி ஓடிப் பறவைகளை எழுப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வெடுக்கும் பறவையைப் பறக்கவிட்டால் அது வேட்டையாடிச் சேர்த்த தெம்பு வீணாகிறது. அடுத்த மாதம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டிய பறவைகளும் அதில் உண்டு. அண்ணன் மகள் போய் மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேர் “சாரிக்கா” என்று நிறுத்தினார்கள். மூன்றாவது ஆள் நிறுத்தவில்லை. கூட்டம் கலைந்து கடல் பக்கம் போய்விட்டது.

சரி என்று பழைய தனுஷ்கோடிக்குத் திரும்பினோம். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் தூறலில் கருத்து நின்றன. அதன் பின்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, பின்னோக்கி நடந்து நடந்து இழுத்தார்கள். வலை கரைக்கு நெருங்க நெருங்க மேலே ஆலாக்கள் கூடின. நாங்கள் துரத்திப் போக வேண்டியிருக்கவில்லை; வலை அவற்றை எங்கள் தலைக்கு மேலேயே கொண்டுவந்து சேர்த்தது.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை ரொம்ப நேரம் கவனித்துவிட்டு, “என்ன தாயி பாக்குற?” என்றார்.

“ஆலாதான் ஐயா. எது எந்த ஆலான்னு பாக்குறோம்.”

“மூக்க மட்டும் பாத்தா ஆகுமா? விழுறதப் பாரு” என்றார்.

பார்த்தேன். பெரிய கொண்டை ஆலா உயரத்தில் ஒரு கணம் நின்று, இறக்கையைப் பின்னால் மடக்கி, கல் விழுவது போல் விழுந்தது. தண்ணீர் ‘தொப்’பென்று தெறித்து முழு உடம்பும் மறைந்தது. சின்னது இன்னும் தாழ்வான உயரத்திலிருந்து, விழுந்த வேகத்தில் வெளியே வந்தது. மீசை ஆலாக்கள் நாலைந்து வலையின் விளிம்பில் சுற்றின. அவை விழவே இல்லை. தண்ணீரின் மேல்தோலை அலகால் தொட்டுக் கிள்ளிக்கொண்டு போயின. பெரியவர் சொன்னபடி பார்த்தால் இருநூறு அடி தள்ளியிருக்கும் பறவையையும் நிறம் தெரியாமலே பிரித்துவிடலாம். வலையில் சூடையும் காரலும் நெத்திலியும் வந்திருந்தன. மீன் குறைச்சல் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அப்படியும் ஒரு கை அள்ளி எங்கள் பையில் போட வந்தார். அறையில் சமைக்க வழியில்லை என்று சொன்னதற்குப் பிறகுதான் விட்டார்.

ஒரு சின்னக் கொண்டை ஆலா சூடை மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு தின்னாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கொண்டை சிலிர்த்திருந்தது. இணைக்குக் காட்டுவதற்காக மீனை ஏந்திக்கொண்டு சுற்றும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. இவை கூடு கட்டுவது இங்கே இல்லை. பாரசீக வளைகுடாத் தீவுகளில் பெரிய பெரிய கூட்டங்களாக முட்டையிடுகின்றன. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் மன்னாருக்கும் நடுவிலுள்ள மணல் திட்டுகளில் வேறு சில ஆலாக்கள் முட்டையிடுகின்றன. அங்கே நம்மால் போக முடியாது, போகாமல் இருப்பதும் நல்லது.

பதினொன்றரைக்குத் தூறல் நின்றது. அப்போதுதான் அது வந்தது. சின்னக் கொண்டை ஆலாக்களோடு சேர்ந்து மணலில் இறங்கிய ஒரு பறவை. அதே அளவு, ஆனால் முதுகு இன்னும் வெளுப்பு. பிடரியில் கலைந்த கருங்கொண்டை. அலகு கருப்பு!

எனக்குக் கை நடுங்கியது. கருத்த அலகுள்ள வெளிறிய ஆலா இந்தக் கடற்கரையில் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, தடித்த அலகு ஆலா. உப்பளத்திலும் சேற்றிலும் சாதாரணமாகத் திரிவது. மற்றது சாண்ட்விச் ஆலா. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரில் பிடித்த பறவையை வைத்து 1787இல் ஜான் லேதம் பெயரிட்டது. கருங்கடல், காஸ்பியன் கடல் கரைகளில் கூடு கட்டி, குளிருக்குத் தெற்கே வருவது. அதன் கருப்பு அலகின் நுனியில் மட்டும் மஞ்சள் இருக்கும், பேனா முள்ளை மஞ்சள் மையில் தொட்டு எடுத்தது போல.

நுனியில் ஏதோ வெளிறி இருந்தது. அது மஞ்சளா, ஒட்டிய மணலா, மீன் செதிலா என்று பாதி சரியான பைனாகுலரில் எனக்குத் தெரியவில்லை. மூன்று நிமிஷம் நின்றது. சோம்பல் முறித்து இறக்கையை உயர்த்தியபோது வால் பக்கம் தூய வெள்ளை. பின்னால் ஒரு நாய் குரைத்தது. கூட்டம் எழுந்தது, அதுவும் போய்விட்டது. மாலைவரை காத்திருந்தோம். ஐந்து மணிக்குச் சோதனைச்சாவடியிலிருந்து ஆள் வந்து எல்லாரையும் கிளப்பினார். குறிப்பேட்டில் ‘சாண்ட்விச்’ என்று எழுத ஆசையாக இருந்தது. போன வருடத்து வரி நினைவுக்கு வந்தது. கேள்விக்குறி போட்டு மூடினேன்.

மார்ச் 15, ஞாயிறு – சாலையில்

காலையில் இரண்டு மணி நேரம் மறுபடி தேடினோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மணல் நாக்கே தெரியவில்லை. அப்போது அண்ணன் மகள்தான் சொன்னாள்: “அத்தை, இது கிடைக்கலைன்னா இன்னொண்ணப் பாத்து வச்சுக்கலாமே. அது இது இல்லன்னு தெரிஞ்சா போதும்ல?” தடித்த அலகு ஆலா கோடியக்கரையில் நிச்சயம் இருக்கும். திங்கட்கிழமை ஊர் திரும்ப வேண்டிய நாங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேதாரண்யம் போக முடிவு செய்தோம்.

ஒரு மணிக்குப் பேருந்து ஏறினோம். ஜன்னலோரம் வெயில், உட்கார்ந்தால் இருக்கை சுடுகிறது. தொண்டி தாண்டி, மீமிசலை நெருங்கும்போது பின்சக்கரம் வெடித்தது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. அப்போது மணி ஐந்தரை. அடுத்து வந்த இரண்டு பேருந்துகளும் நிற்கவில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் எங்களைவிட வாடிப்போயிருந்தார்கள். இரண்டு பேரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

ரமலான் மாதம். பக்கத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட இரண்டு பையன்கள் வந்து, “எத்தனை பேரு இருக்கீங்க?” என்று எண்ணிக்கொண்டு போனார்கள். ஏன் எண்ணுகிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. பாங்கு சொன்ன கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய வாளியில் நோன்புக் கஞ்சியும், ஒரு தட்டு நிறைய வாடாவும் வந்தன. முப்பத்தொரு கிண்ணங்கள். சரியாக எண்ணியிருந்தார்கள். கஞ்சியில் வெந்தயமும் இஞ்சியும் புதினாவும் மணந்தது. வாடாவின் நடுவில் ஓர் இறால் பதித்திருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர்கள், தாங்கள் ஒரு பேரீச்சம்பழம் மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, முதலில் எங்களுக்கு ஊற்றினார்கள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணன் மகள்தான் அந்தப் பையன்களின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு வந்தாள்.

வேதாரண்யம் சேரும்போது இரவு பதினொன்றே கால். விடுதிக்காரர் எழுந்து வந்து கதவு திறந்தார். அறை 700. மின்விசிறி ஓடியது, அது போதும்.

மார்ச் 16, திங்கள் – கோடியக்கரை

ஆட்டோ அரை நாளுக்கு 700. அகஸ்தியம்பள்ளி தாண்டியதும் உப்பளம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பு எடுத்த மண் இது. பாத்திகளில் பெண்கள் முழங்கால்வரை உறை போட்டுக்கொண்டு உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தரையிலிருந்து வெயில் திரும்பி அடித்ததில் கண் கூசியது. அந்த வெளிச்சத்தில் நாளெல்லாம் அவர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள்.

தடித்த அலகு ஆலாவைத் தேட வேண்டியே இருக்கவில்லை. பாத்தி வரப்புக்கு மேலே, ஆளுயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வற்றிய சேற்றுக்கு மேல் தாழப் பறந்து, சட்டென்று குனிந்து ஒரு சின்ன நண்டைக் கிள்ளி எடுத்து, அதே வேகத்தில் மேலே ஏறும். தலைகீழாகத் தண்ணீரில் விழுந்ததை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வரப்பில் இறங்கியபோது இருபதடி தூரம். அலகு கருப்பு, குட்டை, தடிப்பு. நுனிவரை ஒரே கருப்பு. கால் மற்ற ஆலாக்களைவிட நீளம், நன்றாக நடக்கிறது. பிடரியில் கொண்டை என்று எதுவும் கிடையாது, தலை வழவழ உருண்டை. சிலவற்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் கருந்திட்டு மட்டும், சிலவற்றுக்குத் தொப்பி ஏறிவிட்டது. வால் பக்கம் வெளிறிய சாம்பல்.

அண்ணன் மகள் சனிக்கிழமை வரைந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூன்று நிமிஷத்தில் வரைந்த படம்தான். ஆனால் அலகு நீளமாக, ஊசியாக இருந்தது. கொண்டை கலைந்திருந்தது. கால் குட்டை. வால் பக்கத்தை வெள்ளையாக விட்டிருந்தாள். அலகின் நுனி மஞ்சளா மணலா என்பதை நான் இன்னும் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். மற்ற எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டின. வரப்பிலேயே உட்கார்ந்து கேள்விக்குறியை அடித்துவிட்டு, ‘சாண்ட்விச் ஆலா, 1’ என்று எழுதினேன். கீழே காரணங்களையும் எழுதினேன்: அலகு வடிவம், கொண்டை, கால், வால், கூட நின்ற பறவைகள். நிறத்தைக் கடைசியில் எழுதினேன்.

காஸ்பியன் ஆலா ஒன்றும் வந்தது. ஆலாக்களிலேயே பெரியது, இறக்கை விரித்தால் நாலடிக்கு மேல். தூரத்தில் கடற்காகம் என்றுதான் நினைத்தோம். தலை திருப்பியதும் கேரட் முழுசாக ஒன்றைக் கவ்விக்கொண்டு பறப்பது போல அந்தச் சிவந்த அலகு. குரலும் நாரை மாதிரி கரகரப்பு. அதற்குப் பிறகு காட்டுக்குள் வெளிமான்களைப் பார்த்தோம். ஆட்டோக்காரர், “எல்லாரும் மானப் பாக்கத்தான் வருவாங்க, நீங்க என்னக்கா உப்பளத்துலயே மூணு மணி நேரம் உக்காந்துட்டீங்க” என்று கேட்டார். படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டு, தடித்த அலகு ஆலாவைக் காட்டி, “இது எங்க வீட்டுப் பின்னாடி வயல்லயும் வரும், பூச்சி பிடிக்கும்” என்றார். உண்மைதான், வயலிலும் பூச்சி பிடிக்கும்.

கடைசியாக ஒரு பாத்தியில் இரண்டு குட்டி ஆலாக்கள். மைனா அளவுதான் உடம்பு. ஓரிடத்தில் இறக்கையைப் படபடவென்று அடித்து நின்று, விழுந்து, எழுந்து, மறுபடி நின்றன. சின்ன ஆலாவாக இருக்கலாம், சாண்டர்ஸ் ஆலாவாகவும் இருக்கலாம். இனப்பெருக்க உடையில் இருந்தால் நெற்றி வெள்ளையின் வடிவத்தைப் பார்க்கலாம்: சின்ன ஆலாவுக்கு அது கண்ணுக்கு மேல் கூராக நீளும், சாண்டர்ஸுக்குக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். இவற்றுக்கு உச்சந்தலை இன்னும் பாதி வெள்ளை, அலகும் மஞ்சளாகத் தெளியவில்லை. அரை மணி நேரம் பார்த்தோம். அண்ணன் மகள் ஐந்து படம் வரைந்தாள். ஐந்திலும் நெற்றி ஒவ்வொரு மாதிரி.

திருத்துறைப்பூண்டி பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இரண்டு பெயர்களையும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டு, ‘2’ என்று குறித்துவிட்டு எழுந்தோம்.